தீபாவளிக்கு ஏறிய எடை தைக்குப் பிறகும் இறங்கலையா?

பொங்கல் முடிந்த அடுத்த வாரம் என் கிளினிக்கில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட்டம் அதிகமாகவே இருக்கும். பாதிப் பேர் சளி, இருமல் என்று வருகிறவர்கள். மீதிப் பேர் எடை மெஷினைப் பார்த்துப் பயந்து வருகிறவர்கள்.

"டாக்டர், நான் ஒண்ணும் பெரிசா சாப்பிடறதில்லை. தண்ணி குடிச்சாக்கூட உடம்பு போடுது. கொழுப்பைக் கரைக்கிற மாதிரி ஒரு கஷாயம் எழுதிக் கொடுங்க!" என்பதுதான் எல்லோரும் சொல்லும் வசனம்.

2024 தை மாதம் அப்படி ஒரு அம்மா வந்தார். வயது 49. உயரம் 5 அடி 1 அங்குலம். மூட்டுவலிக்காக எட்டு வருடமாக என்னிடம் வருகிறவர். சர்க்கரைக்கு அலோபதி மாத்திரையும் சாப்பிடுகிறார். பொங்கல் முடிந்ததும், 'இனி பட்டினிதான் வழி' என்று முடிவு செய்து காலைச் சாப்பாட்டை நிறுத்தியிருக்கிறார். ஆனால் மாத்திரையை மட்டும் வழக்கம் போல விழுங்கியிருக்கிறார். மூன்றாம் நாள் பஸ்ஸில் போகும்போது உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. நல்லவேளை, பக்கத்து சீட்டிலிருந்த பெண் சட்டென்று இரண்டு மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டதால் பிழைத்தார். சர்க்கரை ஒரேயடியாகத் தாழ்ந்து போவது விளையாட்டல்ல. அது உயிருக்கே ஆபத்து.

அவரை எடை பார்த்தேன். 70 கிலோ! பழைய கேஸ் ஷீட்டைப் புரட்டினால், 2016 தையில் 61 கிலோ என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. எட்டு வருடத்தில் 9 கிலோ. இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஒவ்வொரு வருடமும் புரட்டாசியில் இருந்த எடை, தையில் வரும்போது ஒரு கிலோ, ஒன்றரை கிலோ கூடியிருக்கிறது. தையிலிருந்து அடுத்த புரட்டாசி வரை ஏறக்குறைய அப்படியே நின்றிருக்கிறது. அவ்வளவுதான்!

ஆக, அந்த அம்மா பொய் சொல்லவில்லை. வருடத்தில் எட்டு, ஒன்பது மாதம் அவர் அளவாகத்தான் சாப்பிடுகிறார். மீதி மூன்று நான்கு மாதத்தில் ஏறியதுதான் இறங்காமல் தங்கிவிட்டது.

இது நம் வீட்டுக் கதை மட்டுமல்ல

அமெரிக்காவில் நவம்பர் கடைசியிலிருந்து புத்தாண்டு வரை பண்டிகைக் காலம். அங்கே 195 பேரை எடை பார்த்து, 2000-ஆம் ஆண்டில் ஒரு ஆராய்ச்சி முடிவை வெளியிட்டார்கள். அந்தச் சில வாரங்களில் சராசரியாக ஏறியது 370 கிராம்தான். 'பூ, இவ்வளவுதானா!' என்று தோன்றும். ஆனால் அந்த எடை அடுத்து வந்த வசந்தத்திலும் கோடையிலும் இறங்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. பத்து வருடம் இப்படிச் சேர்ந்தால் என்ன ஆகும், நீங்களே கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள்.

நமக்கோ நவராத்திரியில் ஆரம்பித்தால் தீபாவளி, கார்த்திகை, பக்கத்து வீட்டுக் கிறிஸ்துமஸ் கேக், பொங்கல், அதோடு தை மாதக் கல்யாணங்கள் என்று வரிசையாக வருகின்றன!

குற்றவாளி பண்டிகை அல்ல, டப்பா!

தீபாவளியன்று நாலு அதிரசம் சாப்பிட்டதால் யாரும் குண்டாகிவிட மாட்டார்கள். அன்று ஒருநாள் நன்றாகச் சாப்பிடுங்கள், சந்தோஷமாக இருங்கள். ஆபத்து மறுநாள்தான் ஆரம்பிக்கிறது. சமையலறை ஷெல்ஃபில் இருக்கிறதே பலகார டப்பா, அது காலியாகிற வரை நம் கை சும்மா இருப்பதில்லை. "வீணாப் போயிடுமே" என்று குழந்தைகள் கடித்து வைத்ததையும் அம்மாதான் சாப்பிட வேண்டியிருக்கிறது.

சாயங்காலக் காப்பியோடு இரண்டு முறுக்கு, ஒரு துண்டு நெய் மைசூர்பாகு. ஏறக்குறைய 350 கலோரி ஆகிவிட்டது. பத்து நாள் இப்படிச் சாப்பிட்டால் 3,500. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர சுமார் 7,700 கலோரி போதும். அதாவது டப்பா காலியாகும்போது கிட்டத்தட்ட அரை கிலோ இடுப்பில் ஏறியிருக்கும். 'நடந்து கரைத்து விடுகிறேன்' என்கிறீர்களா? அரை மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவது 120, 150 கலோரிதான். அந்த ஒரு காப்பி வேளைக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும். அதுவும் ஐப்பசி அடைமழையில் யார் நடக்கிறார்கள்?

காலமும் உடம்பும்

சித்த மருத்துவத்தில் வருடத்தை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்திருக்கிறார்கள். ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். இந்தக் காலங்களுக்குத் தக்கபடி உடம்பில் வாதம், பித்தம், ஐயம் மூன்றும் கூடிக் குறையும்.

முன்பனிக் காலத்தில் பசித்தீ நன்றாக எரியும். எதைச் சாப்பிட்டாலும் ருசிக்கும், ஜீரணமாகும். 'குளிருக்கு இதமாக' என்று நெய் மிதக்கும் வெண்பொங்கலும் சூடான பஜ்ஜியும் உள்ளே போகும். ஆனால் நம் ஊர்க் குளிர் என்ன காஷ்மீர்க் குளிரா? சென்னையில் மார்கழி, தையில்கூட விடியற்காலையில் 20 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். அதற்காக உடம்புக்கு எக்ஸ்ட்ரா எண்ணெயும் நெய்யும் தேவையே இல்லை.

அடுத்து வரும் பின்பனியில் ஐயம், அதாவது கபம், தன் இடத்தில் வளரும். இளவேனிலில் தன் இடத்தை விட்டு மற்ற இடங்களுக்கும் பரவும். இனிப்பு, புளிப்பு, உப்பு ஆகிய சுவைகள் ஐயத்தைக் கூட்டும். கார்ப்பு, கைப்பு, துவர்ப்பு குறைக்கும். சித்திரை முதல் நாளில் வேப்பம்பூவைச் சமையலில் சேர்க்கும் வழக்கத்தை இதோடு பொருத்திப் பாருங்கள்!

எனவே எடையைக் குறைக்கத் தோதான காலம் மாசி, பங்குனிதான். பண்டிகைகள் ஓய்ந்திருக்கும், மழை இருக்காது, வெயிலும் உச்சிக்கு ஏறியிருக்காது. ஐப்பசியிலிருந்து தை வரை எடையைக் குறைக்கப் போராடாதீர்கள். ஏறாமல் பார்த்துக்கொண்டாலே போதும், அதுவே பெரிய வெற்றி.

விரதமா, பலகாரமா?

நம் முன்னோர்கள் விருந்தை மட்டும் வைக்கவில்லை. தீபாவளி அமாவாசைக்கு மறுநாளே கந்த சஷ்டி விரதம் ஆரம்பிக்கிறது. கார்த்திகையில் சோமவாரம், மார்கழியில் வைகுண்ட ஏகாதசி, மாசியில் சிவராத்திரி. விருந்துக்குப் பக்கத்திலேயே விரதம்!

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? "இன்னிக்கு விரதம், சாதம் கிடையாது" என்று சொல்லிவிட்டு, நெய் ரவா தோசை, கேசரி, சேமியா உப்புமா என்று ஒரு பிடி பிடிக்கிறோம். அரிசிச் சோறே தேவலை! விரதம் இருக்க உடல்நிலை இடம் கொடுப்பவர்கள், அன்று இரவு ஒரு கிண்ணம் காய்கறி சூப்பும் ஒரு பழமும், அல்லது கஞ்சியும் மோரும் என்று நிறுத்திக் கொள்ளுங்கள். அதுதான் விரதம்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வயதானவர்கள் யாரும் டாக்டரைக் கேட்காமல் வேளைச் சாப்பாட்டை விடக் கூடாது. பஸ்ஸில் மயங்கிய அம்மாவை நினைத்துக் கொள்ளுங்கள்.

மாதவாரியாக ஒரு திட்டம்

*புரட்டாசி:* எடை பார்த்து, சமையலறை காலண்டரில் எழுதுங்கள். காலையில் வெறும் வயிற்றில், ஒரே மெஷினில், வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். தினமும் பார்த்துக் கலங்க வேண்டாம். உப்பும் தண்ணீரும் கூடிக் குறைந்தாலே ஒரு கிலோ வித்தியாசம் காட்டும். நவராத்திரிச் சுண்டல் நல்ல பண்டம். தேங்காயை மட்டும் கொஞ்சமாகத் தூவுங்கள்.

*ஐப்பசி, கார்த்திகை:* ஏழு வகைப் பலகாரம் வேண்டாம். ஒரு இனிப்பு, ஒரு காரம் போதும். தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் டப்பாவைக் காலி செய்து, வீட்டு வேலைக்கு வருகிறவர், வாட்ச்மேன், பக்கத்து வீடு என்று கொடுத்துவிடுங்கள். தீபாவளி லேகியம் ஜீரணத்துக்கு நல்லதுதான். ஆனால் அதிலும் வெல்லமும் நெய்யும் உண்டு. நெல்லிக்காய் அளவுக்கு மேல் வேண்டாம். மழை நாளில் வீட்டுக்குள்ளேயே 20 நிமிடம் நடங்கள், மாடிப்படி ஏறி இறங்குங்கள்.

*மார்கழி, தை:* விடிகாலையில் கோலம் போட எழுந்திருக்கிறீர்கள். அப்படியே கோயில் வரை நடந்துவிட்டு வாருங்கள். பிரசாதப் பொங்கலை உள்ளங்கையில் வாங்குங்கள், டிபன் பாக்ஸில் வேண்டாம். கல்யாணப் பந்தியில் முதலில் கூட்டு, பொரியல், ரசம். பாயசம் அரை டம்ளர்.

*மாசி, பங்குனி:* இப்போதுதான் இறங்க வேண்டிய நேரம். இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடியுங்கள். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சாதம் அல்லது சப்பாத்தி, கால் பங்கு பருப்பு, பயறு, முட்டை அல்லது மீன். பாகற்காய், வாழைப்பூ, சுண்டைக்காய் வற்றல் அடிக்கடி இருக்கட்டும். வறுக்கிற எண்ணெயில் கை அடங்கட்டும். மேசைக்கரண்டி எண்ணெய் ஒன்றுக்கு 120 கலோரி! தினம் 45 நிமிடம் நடை. வாரம் அரை கிலோ இறங்கினால் போதும்.

*சித்திரை முதல் ஆடி வரை:* வியர்வையில் ஓரிரு நாளில் இறங்குவது தண்ணீர், கொழுப்பு அல்ல. ஏமாறாதீர்கள். பாட்டில் குளிர்பானத்துக்குப் பதில் நீர்மோர். மாம்பழம் சாப்பிடுகிற வேளையில் சாதத்தைக் குறைத்துக் கொள்ளுங்கள். ஆடிக் கூழ் நல்லது. ஒரு கிண்ணத்தோடு நிறுத்துங்கள்.

கொழுத்தவனுக்குக் கொள்ளு!

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பது நம் பழமொழி. கொள்ளில் நூற்றுக்கு 22 பங்கு புரதம். நார்ச்சத்தும் உண்டு. சாப்பிட்டால் வயிறு நிறைந்து நிற்கும், சீக்கிரம் பசிக்காது. வேலை செய்கிற விதம் இதுதான். மந்திரம் எதுவும் இல்லை.

கொள்ளு ரசம் செய்முறை: இரண்டு மேசைக்கரண்டி கொள்ளை வாசனை வர வறுத்து, இரவே ஊறவைத்து, காலையில் குக்கரில் குழைய வேகவிடுங்கள். பாதிக் கொள்ளை மசித்து, வேகவைத்த தண்ணீரோடு சேருங்கள். ஒரு தக்காளி, நெல்லிக்காய் அளவு புளி கரைத்த தண்ணீர், தட்டிய மிளகு, சீரகம், நான்கு பல் பூண்டு, மஞ்சள்தூள், உப்பு சேர்த்து நுரை கட்டியதும் இறக்குங்கள். அரை டீஸ்பூன் எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளித்தால் போதும். மீதிக் கொள்ளைச் சுண்டலாகச் சாப்பிடலாம். வாரம் இரண்டு மூன்று முறை போதும். கொள்ளு சூடு. வயிற்றுப்புண், நெஞ்செரிச்சல் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுச் சாப்பிடுங்கள்.

இதெல்லாம் வேண்டாம்

'பத்தே நாளில் பத்து கிலோ' என்று விற்கிற லேபிள் இல்லாத பவுடரையும் லேகியத்தையும் தொடாதீர்கள். சித்த மருந்து என்று பெயர் போட்டிருந்தாலும் சரி, பதிவு பெற்ற மருத்துவர் நாடி பார்த்து, உடம்பைப் பார்த்துக் கொடுப்பதே மருந்து. வெந்நீரில் தேன் கலந்து குடித்தால் கொழுப்பு கரைந்து ஓடும் என்று நம்பவும் வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி தேனில் 60 கலோரிக்கு மேல் இருக்கிறது!

சாப்பாடு மாறாமலே எடை வேகமாக ஏறினால், கால் வீங்கினால், எப்போதும் அசதியாக இருந்தால் தைராய்டு முதலான பரிசோதனைகளை உடனே செய்துகொள்ளுங்கள். முயற்சி எதுவும் செய்யாமல் எடை தானாகக் குறைந்தாலும் சந்தோஷப்படாமல் டாக்டரிடம் போங்கள்.

உங்களுக்கு எவ்வளவு எடை சரி? கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்துப் பாருங்கள். நம் இந்தியர்களுக்கு 23-க்குள் இருந்தால் நல்லது, 25-ஐத் தாண்டினால் பருமன். 5 அடி 1 அங்குலப் பெண்ணுக்கு 55 கிலோ வரை சரி, 60-க்கு மேல் பருமன். வயிற்றுச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டக் கூடாது.

அந்த அம்மாவுக்கு நான் கஷாயம் எழுதிக் கொடுக்கவில்லை. முதலில் அவருடைய சர்க்கரை டாக்டரிடம் அனுப்பி, மாத்திரைக்குத் தக்கபடி சாப்பாட்டு நேரத்தை ஒழுங்கு செய்யச் சொன்னேன். பிறகு ஒரு காலண்டரும் பேனாவும் சமையலறையில் மாட்டச் சொன்னேன். மாசி, பங்குனியில் மூன்று கிலோ இறங்கினார். ஆடிக்குள் இன்னொரு கிலோ. அடுத்த தீபாவளிக்கும் அதிரசம் செய்தார், சாப்பிட்டார். 2025 தையில் மெஷினில் ஏறியபோது 66 கிலோ.

"ஒரு கிலோகூட ஏறலையே டாக்டர்!" என்றார். எட்டு வருடத்தில் முதல் முறை! இப்போது கோயில் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறுகிறாராம்.

உங்கள் சமையலறை காலண்டரிலும் இன்றைக்கே ஒரு எண்ணை எழுதி வையுங்கள். அடுத்த தையில் ஒப்பிட்டுப் பார்ப்போம்!