மூழ்கிய ஊரின் முதல் பக்கம்

கண்டியிலிருந்து திகண வழியாகத் தெல்தெனியவுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைப்பது ஒரு யோகம். விக்டோரியா நீர்த்தேக்கத்தைப் பார்த்துக்கொண்டே போகலாம். மகாவலியை மறித்து 122 மீற்றர் உயரத்தில் எழுப்பிய அணை 1985இல் திறக்கப்பட்டது. பழைய தெல்தெனிய அந்த நீருக்கடியில் போயிற்று. இன்றைய நகரம் மேட்டில் புதிதாகக் கட்டியது. மழை பொய்த்து நீர் வற்றும் காலங்களில் பழைய ஊரின் இடிபாடுகள் வெளியே தலைகாட்டும். வேடிக்கை பார்க்க ஆட்கள் திரளுவார்கள்.

இந்த ஊரை, நாவல்கள் சுடச்சுட விற்றுப்போகிற ஓர் எழுத்தாளரிடம் கொடுத்தால் கதையை எங்கே தொடங்குவார்?

விளையாட்டான கேள்விதான். ஆனால் வெகுசன எழுத்தாளர்களின் வெற்றிக்குக் காரணம் தேடுவோருக்கு இது நல்ல சாவி. 'சனங்களின் ரசனை கெட்டுவிட்டது' என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். அந்தக் கெட்ட ரசனையையே குறிவைத்து எழுதி, ஒரு பதிப்போடு பழைய புத்தகக் கடைக்குப் போன நாவல்கள் எத்தனையோ உண்டு. அவை விற்கவில்லை, இவை விற்றன. வித்தியாசம் பக்கங்களுக்குள்தான் இருக்க வேண்டும்.

ராஜேஷ்குமார் எழுதினால், நீர் வற்றிய சேற்றில் முதல் பக்கத்திலேயே ஒரு சடலம் கிடக்கும். அடுத்த அத்தியாயம் சம்பந்தமே இல்லாமல் கோவையில் ஒரு கல்யாண வீட்டில் ஆரம்பிக்கும். 1947இல் கோயம்புத்தூரில் பிறந்து, 1,500க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிய இவருக்குக் கைவந்த கலை இந்த இரட்டைத் தண்டவாளம். ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு கதைகள் ஓடும். எங்கே சந்திக்கும் என்று தெரியாமலே வாசகர் பக்கம் புரட்டுவார். ஒவ்வொரு கதையும் உச்சத்தில் அறுபடுவதால், எந்த இடத்தில் புத்தகத்தை மூடினாலும் ஒன்றல்ல, இரண்டு கேள்விகள் மனதில் தொங்கும். பஸ் நிலையக் கடையில் வாங்கி, இறங்குவதற்குள் முடித்துவிடக்கூடிய பாக்கெட் நாவலுக்கு இதைவிடப் பொருத்தமான கட்டுமானம் கிடையாது.

சுஜாதா அதே சடலத்தின் பக்கத்தில் இரண்டு பேரை நிறுத்திப் பேசவிடுவார். 1968இல் குமுதத்தில் வந்த 'நைலான் கயிறு' தொடங்கி, வர்ணனைக்குச் செலவாகிற இடத்தை உரையாடலுக்குக் கொடுத்தவர் அவர். ஒருவன் படியில் இறங்குவதைச் சொல்ல எழுத்துகளையே படிக்கட்டாக இறக்கி அச்சடிக்க வைத்த குறும்பும் அவருடையது. வாசகரைப் புத்திசாலி என்று நம்பி எழுதினார். வாசகரும் படித்து முடித்தபோது தன்னை அப்படித்தான் உணர்ந்தார்.

ரமணிசந்திரன் என்றால் சடலம் இல்லை. அணைக்கட்டுக் காலத்தில் இரண்டு குடும்பங்களுக்குள் மூண்ட ஒரு பகை, வசதியான ஒருவன், சுயமரியாதை விட்டுக்கொடுக்காத ஒருத்தி, நடுவில் ஒரு தப்பெண்ணம். சுபமாக முடியும் என்பது வாசகிக்கு முதலிலேயே தெரியும். முடிவு தெரிந்த கதையை ஏன் படிக்கிறார்கள் என்று கேலி செய்வோர், அதே சீதா கல்யாணக் கதையை வருடாவருடம் கேட்கிறவர்கள்தான்.

கல்கியிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த 'பொன்னியின் செல்வன்' பெயருக்கு அருள்மொழிவர்மன் கதை, நடப்பதெல்லாம் வந்தியத்தேவனுக்கு. ஆடிப்பெருக்கன்று வீராணம் ஏரிக்கரையில் குதிரையில் வருகிற இந்த வாலிபனுக்கு அரசும் இல்லை, அவசரத்துக்குக் குறைவும் இல்லை. கடம்பூர் மாளிகைச் சதியை அவன் ஒளிந்து கேட்கும்போதுதான் நாமும் கேட்கிறோம். சோழ வரலாறு என்கிற பெரும் பாரத்தைப் பாடமாக நடத்தாமல், ஆழ்வார்க்கடியானின் சண்டையிலும் வம்பிலும் கரைத்துக் கொடுத்துவிடுகிறார். ஒரு வாரம் இதழைத் தவறவிட்டவரும் யாராவது யாரிடமாவது வாய் கொடுக்கும்போது விட்ட இடத்தைப் பிடித்துக்கொள்வார். கதையை இலங்கைக்கும் கொண்டுவந்த அவர், தெல்தெனியவில் என்றால் நீர்த்தேக்கக் கரையில் ஒரு வழிப்போக்கனை நிறுத்தி, 'அந்தச் சுவர் என்ன?' என்று கேட்க வைத்திருப்பார்.

இலங்கையின் தமிழ் நாவலுக்கும் ஒரு விற்பனைக் காலம் இருந்தது. 1970களில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது, பழகிப்போன வாசகரின் கைகள் வெறுமையாயின. அந்த இடைவெளியில் வீரகேசரி பிரசுரம் மலிவான நாவல்களை இறக்கியது. அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி', செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' எல்லாம் அந்த வரிசையில் வந்தவை.

தட்டுப்பாடு வாசகரைக் கடைவரை கொண்டுவரும். கடைசிப் பக்கம்வரை கொண்டுபோகாது. க. குணராசா என்ற இயற்பெயர் கொண்ட செங்கை ஆழியான் (1941–2016) பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தவர். காற்று எந்த மாதம் எந்தத் திசையில் வீசும் என்பது அவருக்குப் பாடமாகவே தெரியும். வாடை வீசும் பருவத்தில் நெடுந்தீவுக் கரையில் வாடி எனும் தற்காலிகக் குடிசை போட்டு மீன்பிடிக்க வருகிறவர்களையும் தீவு மக்களையும் மோதவிட்டு, உள்ளே காதலை வைத்தார். காதல் எல்லோருக்கும் தெரிந்தது. வாடி பலருக்குத் தெரியாதது. தெரிந்ததைத் தூண்டிலாக்கித் தெரியாததைக் கொடுத்தார். 1978இல் அது படமாகவும் வந்தது. பேராதனையில் படித்த இன்னொருவரான கைலாசபதி போன்ற விமர்சகர்கள் வணிக எழுத்தைக் கடுமையாக உரசிப் பார்த்தார்கள். அந்த உரசல் தேவைதான். ஆனால் ஒரு கதை எதற்காகத் தீங்கானது என்று சொல்வதும், அது எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவதும் வேறுவேறு வேலைகள். இரண்டாவதைச் செய்தவர்கள் குறைவு.

தெல்தெனியவில் பெரும்பாலோர் வாசிக்கும் மொழி சிங்களம். அங்கும் இதே சூட்சுமம் உண்டு. கருணாசேன ஜயலத்தின் 'கொலு ஹதவத்த' 1962இல் வந்த பள்ளிக்கூடக் காதல் கதை. 1968இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதைப் படமாக்கினார். முதலில் காதலன் சுகத்தின் பக்கத்திலிருந்து பார்த்ததை, பிற்பாதியில் காதலி தம்மியின் பக்கத்திலிருந்து மறுபடி பார்க்கிறோம். அலட்சியம் என்று நினைத்தது அலட்சியமில்லை என்று தெரிகிறபோது சம்பவம் எதுவும் மாறியிருக்காது; வாசகர் மட்டும் மாறியிருப்பார்.

மூழ்கிய ஊரின் கதையையும் அப்படி இரண்டாகப் பிளக்கலாம். ஒரு பாதி, மேட்டில் எழுந்த புதுநகரத்தோடு தங்கியவருக்கு. மறு பாதி, மகாவலித் திட்டக் காணியைப் பெற்றுக் கீழ்நிலத்துக்குக் குடிபெயர்ந்தவருக்கு. யாருடைய பாதியை முதலில் வைப்பது என்பதைத்தான் எழுதுகிறவர் இரவிரவாக யோசிக்க வேண்டியிருக்கும்.