சோலைக்குள் ஒரு குட்டி அணில்

முதுகில் மூன்று கோடு. அது இராமபிரானின் விரல் பட்ட அடையாளம். அணிலைப் பற்றி நம்மில் பலருக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையில் மூன்று கோட்டு அணில்களே மூன்று வகை உண்டு. இரண்டு எளிதில் கண்ணில் படும். மூன்றாவதைக் கண்டவர் சிலர். கண்டும், 'வீட்டு அணிலின் குட்டி போலிருக்கிறது' என்று எண்ணி நடையைக் கட்டியவரும் இருப்பார்கள்.

அது குட்டி அல்ல. முழு வளர்ச்சி பெற்ற அணில்தான். எடை சுமார் 40 கிராம். அதே மலையில் மரத்துக்கு மரம் தாவும் பெரிய மலையணில் ஒன்றரை, இரண்டு கிலோ இருக்கும். தராசின் ஒரு தட்டில் அதை வைத்தால், மறு தட்டில் இந்தச் சின்னஞ்சிறு பிராணிகளை ஏறத்தாழ நாற்பது முதல் ஐம்பது வரை அடுக்க வேண்டும்! தென்னிந்திய அணில்களில் இதுவே மிகச் சிறியது.

1838-ல் வாட்டர்ஹவுஸ் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி இதற்குப் பெயரிட்டார். 'பூனாம்புலஸ் சப்ளினியேட்டஸ்' என்பது அந்த லத்தீன் பெயர். முதற் சொல்லுக்குக் கயிற்றின் மேல் நடப்பவன் என்று பொருள். இரண்டாவது, மங்கலான கோடுடையது என்பதைக் குறிக்கும். இந்தப் பெயரிலேயே அடையாளம் இருக்கிறது. வீட்டு அணிலின் கோடுகள் வெளுப்பாக, கழுத்திலிருந்து வால் வரை ஓடும். வயிறும் வெள்ளை. இதற்கோ உடல் முழுதும் மங்கிய பழுப்பு. கோடுகள் நடு முதுகில் மட்டும், அதுவும் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். வயிறு சாம்பல் பூத்திருக்கும். வாலும் அத்தனை புசுபுசுப்பாக இராது. இன்னொரு வகையான காட்டு அணிலுக்குக் கோடுகளின் நடுவே முதுகு கறுத்திருக்கும். தலையிலும் பின்பக்கத்திலும் செம்மை படர்ந்திருக்கும். அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

நிறத்தைவிட நல்ல அடையாளம், அது வாழும் இடம். நீலகிரி, குடகு, கேரள மலைகள் ஆகியவற்றின் பசுமை மாறாக் காடுகளிலும் சோலைகளிலும், மரத்தடியில் செடியும் கொடியும் பின்னிக் கிடக்கும் இருட்டில்தான் இதன் குடித்தனம். உச்சிக் கிளைகளை அண்ணாந்து பார்த்துத் தேடுகிறவருக்கு இது அகப்படாது. பாதையோரம் அசையாமல் நின்றால், புதருக்குள்ளிருந்து குருவி கத்துவதுபோல் ஒரு கீச்சொலி கேட்கலாம். பறவை என்று எண்ணித் திரும்புவதற்குள் ஆள் மறைந்துவிடும்.

இலங்கையின் ஈரக் காடுகளிலும் இதே போன்ற அணில் உண்டு. இரண்டும் ஒரே இனமென்றே நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்தது. 2012-ல் திசாநாயக்கா, ஓஷிடா என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் மண்டையோட்டு அளவுகளை ஒப்பிட்டு, இவை வெவ்வேறு இனங்கள் என்று காட்டினார்கள். ஆகவே நம் மலையிலுள்ள அணில் உலகில் வேறெங்கும் இல்லை என்றாயிற்று. ஒரே நாளில் அதன் உலகம் பாதியாகச் சுருங்கிவிட்டதென்றும் சொல்லலாம். அழியும் ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய பிராணிகளின் சர்வதேசப் பட்டியலிலும் அது சேர்க்கப்பட்டிருக்கிறது.

ஆபத்து எங்கிருந்து வருகிறது? வெள்ளைக்காரர் காலத்தில் தேயிலைக்கும் தைல மரத்துக்குமாக மலையின் முகமே மாறியது. எஞ்சிய காடு துண்டு துண்டாக நிற்கிறது. காப்பித் தோட்டத்தில் நிழலுக்காக மரங்களை விட்டுவைக்கிறார்கள், உண்மைதான். ஆனால் அடியிலுள்ள புதரை ஒட்டச் சீவிவிடுகிறார்கள். மேலே கூரை இருந்து என்ன பயன்? இந்த அணில் குடியிருப்பது கீழ்த்தளத்தில் அல்லவா!

இன்னொரு சங்கடமும் உண்டு. தோட்டங்களுக்கும் வீட்டோரங்களுக்கும் தாராளமாக வந்து போவது அந்தச் செம்மை படர்ந்த காட்டு அணில். அது துள்ளி ஓடுவதைப் பார்த்து, "அணிலுக்கு இங்கே என்ன குறைச்சல்?" என்பார்கள். அவர்கள் பார்த்தது வேறு அணில்.