மடை மூடியிருந்தும் கண்மாய் ஏன் வற்றியது?

வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்று, சிவகங்கைப் பக்கம் சொந்த ஊரில் கருப்பு கவுனி போடுகிறேன். வயதுக்கு வர ஏறக்குறைய ஐந்து மாதம் பிடிக்கிற நெல். கார்த்திகை மழை நின்ற பிறகு கண்மாய்த் தண்ணிதான் கதி. மூன்று வருஷத்துக்கு முன்னால் மார்கழியிலேயே கண்மாய் பாதி இறங்கிவிட்டது. மடைப் பலகை இறக்கித்தான் இருந்தது. ஆனாலும் வாய்க்காலில் தண்ணி ஓடிக்கொண்டே இருந்தது.

பலகையில்தான் கசிவு என்று நினைத்து, வாய்க்கால் பக்கத்து வாயில் மணல் மூட்டை போட்டு அடைத்தேன். நீர்பாய்ச்சி ஓடி வந்தார்.

"என்ன சார் செஞ்சீங்க? மொதல்ல மூட்டையை எடுங்க!"

எடுத்ததும் இரண்டு சொம்பில் தண்ணி மொண்டு வந்தார். கண்மாய்த் தண்ணி தெளிவாக இருந்தது. வாய்க்கால் தண்ணி கலங்கல்.

"உள்ள தெளிவு, வெளிய கலங்கல்னா கரை கரையுதுன்னு அர்த்தம் சார்."

மடை என்றால் நாம் பலகையை மட்டும் பார்க்கிறோம். உயிர் இருப்பது கரைக்கு அடியில் போகிற தூம்பில். எங்கள் தூம்பு கருங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. கரையில் முளைத்த மரங்களின் வேர் இடுக்கில் இறங்க, சுண்ணாம்பு உதிர்ந்து, தண்ணி தூம்புக்கு வெளியே மண்ணுக்குள் வழி தேடிவிட்டது. மண்ணை அரித்துக்கொண்டே போனால் கரைக்குள் பொந்து விழும். வெளிவாயை அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடி, தண்ணி இன்னும் வேகமாக மண்ணுக்குள் பாயும். நான் செய்தது அதுதான். கரைமேல் ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. எலி வளை என்று விட்டிருந்தோம்.

வங்கியில் வாராக்கடனும் இப்படித்தான். முதல் தவணை தவறும்போது யாரும் கவனிப்பதில்லை.

பங்குனியில் கண்மாய் காய்ந்ததும் ஒன்றியப் பொறியாளர் வந்தார். தூம்புக்குள் யாரையும் விடவில்லை. கல் சரியலாம், காற்றும் இருக்காது. முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலை உள்ளே அடித்துக் காட்டினார். நடுவில் இரண்டு மூடுகல் விரிசல். வேர் திரைபோலத் தொங்கியது.

உள்ளே குழாயைச் சொருகிவிடலாம் என்றார்கள் சிலர். குறுக்களவு பாதியானால் தண்ணி போகிற வாய் கால்பங்காகிவிடும். குழாய்க்கும் பழைய கல்லுக்கும் இடையே சந்து விடாமல் சிமெண்ட் பால் ஏற்றாவிட்டால் கசிவும் நிற்காது. கரையைத் திறந்து திருப்பிக் கட்டுவதென்று முடிவானது. கல்வேலை ஒன்றியத்துக்கு, மண்வேலை எங்களுக்கு.

அங்கேதான் சண்டை. "எங்க வயலுக்குத் தண்ணியே வர்றதில்ல. நாங்க எதுக்கு வரி குடுக்கணும்?" என்றார்கள் கடைமடைக்காரர்கள். நியாயம்தான். என் வயல் தலைமடையில். தலைமடைக்கு முழு வரி, கடைமடைக்குப் பாதி. முறைத் தண்ணி இனி கடைமடையிலிருந்து தொடங்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். முதல் கையெழுத்து என்னுடையது.

வெட்டிய பக்கங்களைச் செங்குத்தாக விடாமல் படிப்படியாகச் சரித்தோம். அப்போதுதான் புது மண் பழைய கரையோடு பிடிக்கும். தூம்பைச் சுற்றி இரண்டு இடத்தில் வளையமாகச் சுவர் எழுப்பினார்கள். தூம்பை ஒட்டி ஓடப் பார்க்கும் தண்ணியை அது மறிக்கும். களிமண் கலந்த மண்ணை அரை அடிக்கு மேல் கொட்டாமல், ஈரம் தெளித்து, அடுக்கடுக்காக இடித்தோம். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கணும், ஒழுகக் கூடாது. அதுதான் ஈரத்துக்குக் கணக்கு. வேரோடு வந்த மண்ணை ஒதுக்கிவிட்டோம்.

அடுத்த தையில் கடைமடையிலும் கதிர் முற்றியது. என் முறை எட்டு நாள் தள்ளி வந்தது, கவுனி தாங்கியது. மூடாக்கு போட்டு வயலில் ஈரம் காக்கிற நாம், கண்மாயை அரசாங்கக் கணக்கில் எழுதிவிட்டு இருக்க முடியாது.

40 ஹெக்டேருக்கு மேல் பாசனமுள்ள கண்மாய் நீர்வளத் துறையிடமும், சிறியவை ஒன்றியத்திடமும் இருக்கும். அனுமதியில்லாமல் கரையில் மண்வெட்டி வைக்காதீர்கள். ஆனால் இரண்டு சொம்பு தண்ணி மொண்டு பார்க்க யார் அனுமதியும் வேண்டாம். இந்த மார்கழியில் பாருங்கள். கலங்கலாக வந்தால், மனுவை அன்றைக்கே எழுதுங்கள்.