ஒரு தாள், இரண்டு பிறந்தநாள்

சிவகாசியில் அச்சாகும் தினக் காலண்டரில் ராகு காலம், எமகண்டம், திதி, நட்சத்திரம் எல்லாம் போக அடியில் ஒரு வரி இடம் மிஞ்சும். நவம்பர் 14-ஆம் தாளில் அந்த இடம் நெடுங்காலம் நேருவுக்கு மட்டுமே உரியதாக இருந்தது: 'நேரு பிறந்தநாள், குழந்தைகள் தினம்'. இப்போது சில காலண்டர்களில் பக்கத்திலேயே 'உலக நீரிழிவு தினம்' என்றும் போடுகிறார்கள். தாளின் அளவு மாறவில்லை. எழுத்து சிறுத்திருக்கிறது.

முன்பெல்லாம் அந்த நாள் பள்ளிக்கூடத்தில்தான் நடந்தது. நேரு படத்துக்கு மாலை, மாறுவேடப் போட்டியில் நான்கைந்து குட்டி நேருக்கள், எல்லார் மார்பிலும் ரோஜா. ரோஜா கிடைக்காதவன் செம்பருத்தி செருகிக்கொண்டு வருவான். மனப்பாடம் செய்த பேச்சு பாதியில் நின்றுபோகும். கடைசியில் வரிசையில் நிற்க வைத்து ஆளுக்கு இரண்டு ஆரஞ்சு மிட்டாய். ஆண்டில் இனிப்பு கைக்கு வரும் நாட்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்: பொங்கல், ஜனவரி 26, ஆகஸ்ட் 15, தீபாவளி, நவம்பர் 14. ஐந்தில் மூன்று அரசாங்கத்தின் உபயம். சீனி ரேஷன் கார்டில் அளந்து வந்த வீடுகளில் கருப்பட்டிக் காப்பிதான் அன்றாட இனிப்பு. அதனால் அந்த இரண்டு மிட்டாயில் ஒன்று வீட்டிலிருக்கும் தம்பிக்கோ தங்கைக்கோ சட்டைப் பையில் ஒட்டிக்கொண்டே வந்து சேரும்.

நேரு பிறந்தது 1889, அலகாபாத்தில். சரியாக இரண்டாண்டு கழித்து, 1891-ஆம் ஆண்டின் அதே நவம்பர் 14-இல், கனடாவின் ஆலிஸ்டன் என்னும் சிற்றூருக்கு அருகிலிருந்த பண்ணையில் பிறந்தவர் ஃபிரெடரிக் பான்டிங். 1921-இல் டொரான்டோ பல்கலைக்கழகத்தில் சார்லஸ் பெஸ்ட் என்ற இளைஞரோடு சேர்ந்து, நாயின் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தார். 1922 ஜனவரியில் அது முதன்முதலாக ஒரு மனித உடம்பில் ஏறியது. லியனார்டு தாம்ப்சன் என்ற சிறுவன். வயது 14, எடை முப்பது கிலோ கூட இல்லை. அதுவரை நீரிழிவு வந்த குழந்தைகளுக்கு மருத்துவர்கள் தந்த ஒரே சிகிச்சை பட்டினி. சாப்பாட்டைக் குறைத்துச் சாவைச் சில மாதம் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். முதல் ஊசி சரிவரவில்லை. ஜேம்ஸ் கோலிப் தூய்மைப்படுத்திக் கொடுத்த மருந்து, இரண்டு வாரத்துக்குள் போட்ட அடுத்த ஊசியில் வேலை செய்தது. தாம்ப்சன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்கு எழுதிக்கொடுத்தார்கள். பான்டிங் முதலில் அதில் தன் பெயரைச் சேர்க்கவே மறுத்திருந்தார். 1923-இல் நோபல் பரிசு வந்தபோது தன் பங்கில் பாதியைப் பெஸ்டுக்குக் கொடுத்தார்.

அவர் பிறந்த நாளை உலக நீரிழிவு நாளாக 1991-இல் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பும் உலகச் சுகாதார நிறுவனமும் தேர்ந்தன. 2006 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டு அதை ஏற்றுக்கொண்டது. மிட்டாய் கொடுக்கும் நாளும் சர்க்கரையைப் பற்றி எச்சரிக்கும் நாளும் இந்தியாவில் ஒன்றாகிப்போனது யாரும் திட்டமிட்டதல்ல. ஆனால் திட்டமிட்டிருந்தாலும் இவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்காது.

1970-களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எடுத்த கணக்கில் நகரத்தில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவுக்கும், கிராமத்தில் அதற்கும் குறைவாகவும் நீரிழிவு இருந்தது. அதே கழகத்தின் துணையோடு நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேர் என்றது; தமிழ்நாட்டில் நூற்றுக்கு 14.4. நோயின் வாசலில் நிற்பவர்கள் இன்னும் 13.6 கோடி. சோதனை முறையும் வரையறையும் மாறியிருப்பதால் இரண்டு கணக்கையும் அப்படியே பக்கத்தில் வைக்க முடியாதுதான். ஆனால் தெருவில் வீடு வீடாக எண்ணிப் பார்த்தவர்களுக்கு ஆய்வு தேவைப்படவில்லை.

பெயரும் மாறியது. பஞ்சாங்கம் பார்க்கிற தாத்தாக்கள் நீரிழிவு என்றார்கள். அடுத்த தலைமுறை சர்க்கரை வியாதி என்று தாழ்ந்த குரலில் சொன்னது. பணக்காரர் நோய் என்று ஒரு மரியாதையும் அதற்கு இருந்தது. இன்று 'எனக்கு சுகர்' என்பது டீக்கடையில் மாஸ்டருக்குச் சொல்லும் குறிப்பு. வியாதி என்ற சொல்லே உதிர்ந்துவிட்டது.

அன்று சர்க்கரை பார்ப்பதென்றால் சிறுநீர்தான். சோதனைக் குழாயில் நீல நிறப் பெனடிக்ட் கரைசலை ஊற்றி, எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் கொதிக்க வைப்பார்கள். நீலமாகவே நின்றால் நிம்மதி. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் சிவப்பில் முடிந்தால் பத்தியம் இறுகும். அதுவும் சில மணி நேரத்துக்கு முந்தைய நிலவரத்தைத்தான் சொல்லும். இன்சுலின் மாடு, பன்றியின் கணையத்திலிருந்து வந்தது. எங்கிருந்து வருகிறதென்று கேட்காமல் போட்டுக்கொண்ட சைவ வீடுகளும் உண்டு. கண்ணாடி ஊசியைக் காலையில் வெந்நீரில் கொதிக்க வைப்பது சமையலறை வேலைகளில் ஒன்று. குளிர்பெட்டி இல்லாத வீட்டில் மருந்துக் குப்பி ஈர மண்பானைக்குள் இருக்கும்.

1982-இல் நுண்ணுயிரில் வளர்த்த மனித இன்சுலின் சந்தைக்கு வர அனுமதி கிடைத்தது. இன்று மருந்து பேனாவுக்குள் இருக்கிறது; ஊசி கண்ணுக்குத் தெரியாத மெலிவு. விரலில் ஒரு சொட்டு ரத்தம், ஐந்து விநாடியில் எண். கையில் ஒட்டிய சென்சருக்கு அந்தச் சொட்டும் வேண்டாம். விலைதான் ஆயிரங்களில், இரண்டு வாரத்துக்கு ஒன்று. அது கட்டுப்படியாகாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் அரசுத் திட்டம் மாத்திரையை வீட்டு வாசலில் கொண்டுவந்து தருகிறது. அன்று ஊருக்கு ஒருவருக்கு இருந்த நோய்க்கு மருத்துவர் பட்டணத்தில் இருந்தார். இன்று தெருவுக்குப் பத்துப் பேருக்கு இருக்கிறது. மருந்து தெருவுக்கே வருகிறது. எது லாபம் என்று இதில் கணக்குப் போடுவது கடினம்.

அதே நவம்பர் 14-இல் நூலக வார விழாவும் கூட்டுறவு வார விழாவும் தொடங்குகின்றன; நூலகத்துக்கும் கூட்டுறவு வங்கிக்கும் வெளியே அவற்றை அறிந்தவர் குறைவு. மாறாக, அமெரிக்காவில் நவம்பர் 14 ஊறுகாய் தினம் என்ற செய்தி காலையிலேயே கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. அவர்கள் சொல்வது காடியில் ஊறிய வெள்ளரிக்காயை, ஆவக்காயை அல்ல. எப்படியும், சுகர்காரருக்கு மிட்டாய் ஆகாது, பிபிகாரருக்கு ஊறுகாய் ஆகாது என்று நம் வீடுகளில் அந்த நாள் சமன்பட்டுவிடும்.

பள்ளியில் இன்றும் நேரு படத்துக்கு மாலை உண்டு. மிட்டாய் சாக்லேட் ஆகிவிட்டது. பிள்ளைகள் அதை வாங்கிப் பைக்குள் போட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நாளைக்கு வேறொருவன் பிறந்தநாளுக்கு வேறொன்று வரும். யாரும் பாதியைத் தங்கைக்கென்று எடுத்து வைப்பதில்லை.

சில வகுப்புகளில் ஒரு பையனோ பெண்ணோ மட்டும் சாக்லேட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கலாம். முதல் வகை நீரிழிவு. இன்சுலின் வருவதற்கு முன்னால் என்றால் அந்தப் பெஞ்சில் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்காது. சட்டைக் கையை உயர்த்தி, கருவியைச் சென்சர் அருகே கொண்டுபோய், எண்ணைப் பார்த்து, பேனாவில் இரண்டு யூனிட் திருப்பிப் போட்டுக்கொண்ட பிறகு காகிதத்தைப் பிரிக்கிறது. அந்த வகுப்பில் அன்றைய சாக்லேட்டை அவ்வளவு கவனமாகத் தின்பது அந்தப் பிள்ளை ஒன்றுதான்.