ஒரு மரணத்துக்கு எத்தனை சாட்சிகள்?

சீன எழுத்தாளர் லாவோ ஷே 1966 ஆகஸ்டில் பெய்ஜிங்கின் தாய்பிங் ஏரியில் பிணமாகக் கிடந்தார். முப்பது வருஷம் கழித்து மூன்று பேர், தனித்தனியாக, "உடலைத் தண்ணீரிலிருந்து தூக்கியவன் நான்தான்" என்றார்கள். மூன்று பேர் சொன்ன விவரமும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. இதில் யார் புளுகுகிறார் என்றுதான் நமக்கு முதலில் கேட்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள், டீ வரட்டும். அதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன.

ஆளைப் பற்றி இரண்டு வார்த்தை. லாவோ ஷே 1899இல் பெய்ஜிங்கில் ஓர் ஏழை மஞ்சூ குடும்பத்தில் பிறந்தவர். அரண்மனைக் காவல் சிப்பாயாக இருந்த அப்பா, 1900இல் எட்டு நாட்டுப் படைகள் நகருக்குள் புகுந்தபோது செத்துப்போனார். தாய் துணி வெளுத்து, தைத்துப் பிள்ளையை வளர்த்தாள். அந்தப் பிள்ளை எழுதிய ரிக்‌ஷாக்காரன் கதை 1945இல் ஆங்கிலத்தில் வந்து அமெரிக்காவில் அமோகமாக விற்றது. அமெரிக்காவுக்குப் போயிருந்தவர் 1949இல் ஊர் திரும்பினார். 1951இல் பெய்ஜிங் நகராட்சி அவருக்கு மக்கள் கலைஞர் பட்டம் தந்தது. 1957இல் வந்த ‘தேநீர்க்கடை’ நாடகம் இன்றும் மேடையேறுகிறது. புதிய ஆட்சியை மனதார நம்பியவர், அதற்காகவே நிறைய எழுதியும் கொடுத்தவர். எதிர்ப்பாளர் கிடையாது. இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

1966 ஆகஸ்ட் 23. ரத்த வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார். வயது 67. அன்று எழுத்தாளர், கலைஞர் சங்க அலுவலகத்துக்குப் போனார். போகாமலும் இருந்திருக்கலாம். பிற்பகலில் கலாசாரப் புரட்சியின் மாணவர் படையான செங்காவலர்கள், பெண்கள் பள்ளி மாணவிகள் உட்பட, வந்து, சுமார் முப்பது எழுத்தாளர்களையும் கலைஞர்களையும் லாரியில் ஏற்றினார்கள். நாவலாசிரியர் சியாவ் ஜூன், பீக்கிங் ஓபராவில் பெண் வேஷத்துக்குப் பேர்போன ஷுன் ஹுய்ஷெங் எல்லாரும் அதில் இருந்தார்கள். லாரி போய் நின்றது கன்ஃபூசியஸ் கோயில் முற்றத்தில். அங்கே ஓபரா உடைகளையும் நாடகச் சாமான்களையும் குவித்துத் தீ வைத்திருந்தார்கள். பிடித்து வந்தவர்களை அந்தத் தீயைச் சுற்றி மண்டியிட வைத்து, பித்தளைக் கொக்கி போட்ட பெல்ட்டுகளாலும், மேடையில் சண்டை போட வைத்திருந்த கட்டைகளாலும் அடித்தார்கள். லாவோ ஷேயின் மண்டை உடைந்தது. யாரோ ஓபரா உடை ஒன்றின் நீண்ட வெள்ளைக் கைத்துணியைக் கிழித்துத் தலையில் சுற்றிவிட்டார்கள். அந்தக் கட்டோடுதான் அவரைச் சங்க அலுவலகத்துக்குத் திரும்பக் கொண்டுபோனார்கள்.

இதுவரை சாட்சிகளிடையே பெரிய தகராறு இல்லை. ஏற்றிய ஆட்கள் எத்தனை, மணி என்ன என்பதில் கொஞ்சம் முன்னேபின்னே இருக்கும், அவ்வளவுதான்.

சிக்கல் அலுவலக வாசலில் தொடங்குகிறது. கழுத்தில் குற்றம் எழுதிய ஓர் அட்டையை மாட்டி, கூட்டத்தின் நடுவே மறுபடி நிற்க வைத்தார்கள். அமெரிக்க டாலர் வாங்கியவர் என்று சக எழுத்தாளர் ஒருவரே குரல் கொடுத்தார். ஆங்கிலப் புத்தக விவகாரம்தான். அந்த நேரத்தில் லாவோ ஷே அட்டையைக் கழற்றினார். கழற்றித் தூக்கி எறிந்தார் என்கிறார் ஒருவர். கழற்றும்போது அது ஒரு மாணவிமேல் பட்டுவிட்டது என்கிறார் இன்னொருவர். உடலை எடுத்தது யார் என்ற தகராறைவிட இது முக்கியமான தகராறு. ஏனென்றால் அந்த ஒரு கணத்தை வைத்துத்தான் அவரை “நடப்பு எதிர்ப்புரட்சியாளர்” என்று அறிவித்தார்கள். பழைய பாவத்துக்கான விசாரணை அதோடு முடிந்தது. அப்போதே, அங்கேயே செய்த குற்றமாக அது மாறியது. எறிந்தார் என்று எடுத்துக்கொண்டால் அவர் எதிர்த்து நின்றவர் ஆகிறார். பட்டுவிட்டது என்றால் தள்ளாத உடம்போடு நின்ற ஒரு கிழவர். அவரை நேசிப்பவர்கள் முதலாவதை விரும்புகிறார்கள். அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் நாம் விரும்புகிறோம் என்பது சாட்சியம் ஆகாது.

அங்கிருந்து காவல் நிலையம். ராத்திரி வெகுநேரம் கழித்து மனைவி ஹு ஜியேசிங் போய்க் கூட்டிவந்தார். பனியன் ரத்தத்தில் ஊறி உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்ததாம். பஞ்சை நனைத்து வைத்து, இளக்கித்தான் கழற்ற முடிந்தது என்று பிற்காலத்தில் சொன்னார். மறுநாள் 24 காலை, வீட்டிலிருந்த சின்னப் பேத்தியிடம் தாத்தாவுக்கு டாட்டா சொல்லச் சொல்லிவிட்டு லாவோ ஷே வெளியே போனார். 25ஆம் தேதி உடல் கிடைத்தது.

இனி மகன் ஷு யி. அப்போது அவருக்கு 31 வயது. சோவியத் ஒன்றியத்தில் படித்த மர வேதியியல் பொறியாளர். அப்பாவின் கடைசி இரண்டு நாளைப் பற்றி அவர் பின்னாளில் எழுதிய கட்டுரைதான் இந்த மரணத்தைப் பற்றி உலகம் படித்த முக்கியமான சாட்சியம். அதை ஒரே மூச்சில் படித்தால் எல்லாம் ஒரே எடையாகத் தெரியும். பிரித்துப் படிக்கவேண்டும். கரையில் பாயால் மூடிக் கிடந்த உடலை அவர் கண்ணால் பார்த்தார், இருட்டும்வரை பக்கத்திலேயே இருந்தார். இவர் மக்களிடமிருந்து தன்னைத்தானே துண்டித்துக்கொண்டார் என்று சான்றளிக்கும் சங்கத்தின் தாளைக் கையில் வாங்கினார்; உடலை எரிக்க அந்தத் தாள் வேண்டும். சாம்பல் தரமாட்டார்கள் என்று சுடுகாட்டில் சொன்னதைக் காதால் கேட்டார். இவையெல்லாம் அசையாத சாட்சியம்.

ஆனால் முந்தின நாள் பூராவும் ஒரு கிழவர் ஏரிக்கரையில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார் என்பது பூங்காக் காவலாளி சொன்னது. மகன் அதைக் கேட்டு எழுதினார். ஏன் தாய்பிங் ஏரி என்பது மூன்றாவது வகை. வீட்டுக்குப் பக்கமும் இல்லாத, பெயர் பெற்றதும் இல்லாத ஏரி அது. வருஷங்கள் கழித்துப் பழைய பெய்ஜிங் வரைபடம் ஒன்றை வைத்துப் பார்த்தபோது, நகர மதிலுக்கு அந்தப் பக்கம் ஏரி, இந்தப் பக்கம் லாவோ ஷே தன் தாய்க்கு வாங்கிக்கொடுத்த வீடு இருந்த சந்து என்று தெரிந்தது. அம்மாவைத் தேடிப் போனார் என்று மகன் முடிவுக்கு வந்தார். மனதைத் தைக்கிற முடிவு, சரியாகவும் இருக்கலாம். ஆனால் அது துக்கத்தில் இருந்த ஒரு மகன் வரைபடத்திலிருந்து எடுத்த அனுமானம். காவலாளி பார்த்ததையும் பனியனையும் வைக்கிற அதே தட்டில் இதை வைக்கக்கூடாது.

இன்னொரு குழப்பம், லாவோ ஷேயின் எழுத்தே கிளப்பியது. ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்துப் பெய்ஜிங்கைப் பற்றிய அவருடைய பெரிய நாவலில், மானம் மரியாதையாக வாழ்ந்த கடைக்காரர் ஒருவரைக் குற்றம் எழுதிய துணியை மாட்டி வீதியில் இழுத்துப் போவார்கள். அவர் போய் ஆற்றில் விழுந்துவிடுவார். 1966க்கு முன்பே எழுதியது! இதைப் படித்த ஒருவர் பிறகு உட்கார்ந்து அந்த ஆகஸ்டை நினைத்துப்பார்த்தால், எது பார்த்தது, எது படித்தது என்று அவருக்கே பிரித்துச் சொல்வது கஷ்டம்.

1990களில் ஃபூ குவாங்மிங் என்ற ஆய்வாளரும் அவர் மனைவி ஜெங் ஷியும் டேப் ரெக்கார்டரோடு கிளம்பி, அன்று அங்கே இருந்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்தார்கள். நேர்காணல்கள் 1999இல் புத்தகமாக வந்தன. ஏரிக்கரையின் மூன்று பேரும் இந்தத் தேடலில்தான் அகப்பட்டார்கள். ஃபூ வேலை பார்த்தது நவீன இலக்கிய அருங்காட்சியகத்தில். பின்னாளில் அதன் இயக்குநர் ஆனவர் இதே ஷு யி. சின்ன உலகம்தான்.

மூவரில் இரண்டு பேர் புளுகினார்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்த ஆகஸ்ட், செப்டம்பரில் பெய்ஜிங்கில் மட்டும் 1,772 பேர் அடித்துக் கொல்லப்பட்டார்கள் என்று பின்னால் வந்த அதிகாரபூர்வக் கணக்கே சொல்கிறது. தண்ணீரில் மிதந்த உடல் அந்த நாட்களில் அபூர்வக் காட்சி இல்லை. ஒருவர் வேறொருவரின் உடலைத் தூக்கிவிட்டு, பிற்பாடு அது லாவோ ஷேயாகத்தான் இருக்கும் என்று நம்பியிருக்கலாம். சரிபார்க்கவும் வழியில்லை. சாம்பல் இல்லை. ஏரியையே 1970களின் தொடக்கத்தில் மெட்ரோ ரயில் வேலைக்காகத் தூர்த்துவிட்டார்கள். 1978 ஜூன் 3 அன்று பெய்ஜிங்கின் பாபாவ்ஷான் கல்லறையில் அரசு மரியாதையோடு வைத்த கலசத்துக்குள் குடும்பத்தார் அவருடைய கண்ணாடி, பேனா, தூரிகை, கொஞ்சம் மல்லிகைத் தேயிலை ஆகியவற்றைத்தான் போட முடிந்தது.

அடிபட்டுத் திரும்பிய அந்த ஆகஸ்ட் 23 இரவு வீட்டில் லாவோ ஷேவுக்கு ஆதரவு இருந்ததா, இல்லை குடும்பமும் கைவிட்டதா என்ற பேச்சும் உண்டு. இதை அலசுகிறவர்கள் அந்தக் காலத்து நடைமுறையை முதலில் சொல்லியாகவேண்டும். ஒருவருக்கு எதிர்ப்புரட்சியாளர் என்ற முத்திரை விழுந்தால் மனைவி, மக்களின் வேலை, வீடு, படிப்பு எல்லாவற்றிலும் அது ஒட்டிக்கொள்ளும். அவரோடு எங்களுக்கு ஒட்டுமில்லை உறவுமில்லை என்று கோடு கிழிக்கச் சொல்லி அலுவலகத்திலிருந்தே நெருக்குவார்கள். ஹு ஜியேசிங் என்ன செய்தார், என்ன செய்யத் தவறினார் என்று நாற்பது வருஷம் தோண்டிய அளவுக்கு, பெல்ட்டைச் சுழற்றியவர்களை யாரும் தோண்டவில்லை. குடும்பம் பேட்டி கொடுத்தது, அதனால் குறுக்குவிசாரணைக்கும் ஆளானது. வாயே திறக்காதவர்களிடம் முரண்பாடு கண்டுபிடிக்க முடியாதே!

சங்கத்தில் அன்று பொறுப்பில் இருந்தவர்களில் ஒருவர் நாவலாசிரியர் ஹாவ் ரான். லாவோ ஷேயைக் காவல் நிலையத்துக்கு அனுப்பியது அவரைக் காப்பாற்றத்தான் என்று ஃபூவிடம் சொன்னார். மேலும் அடி விழாமல் தடுக்க அது ஒரு வழி என்பது உண்மைதான். காவல் நிலையத்துக்குப் போனது எதிர்ப்புரட்சியாளர் என்ற முத்திரையோடு என்பதும் உண்மைதான். இரண்டும் ஒன்றை ஒன்று வெட்டவில்லை. அவர் மனதறிந்து பொய் சொன்னாரா என்று துருவுவதைவிட, பொறுப்பில் இருந்த ஒருவர் எந்தப் பாதியை நினைவில் வைத்துக்கொண்டார் என்று பார்ப்பது உபயோகமான வேலை.

இத்தனை குரல்களைக் கேட்ட பிறகு, உண்மை என்று ஒன்று கைக்குச் சிக்கவே சிக்காது என்று சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மண்டை உடைந்தது, முத்திரை குத்தினார்கள், சான்றிதழ் எழுதிக்கொடுத்தார்கள், சாம்பல் மறுத்தார்கள். சண்டைபோடும் சாட்சிகள்கூட இவற்றைத் தொடவில்லை. மிச்சம் இருப்பது பெயர்கள். உடலைத் தூக்கியதாகச் சொல்ல மூன்று பேர் முன்வந்த கதையில், அடித்ததாகச் சொல்ல முன்வருவோரைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது. அன்று பள்ளிச் சீருடை வயதில் இருந்த அந்தப் பெண்களுக்கு இப்போது எழுபதைத் தாண்டியிருக்கும்.