அன்பினாலும் பாசத்தினாலும்

போன மாசம் அப்பா, வீட்டை என் பேருக்கு செட்டில்மெண்ட் எழுதிடலாம்னு சொன்னார். அவர் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு, நான் ஒரே பையன், சிக்கல் எதுவும் இல்லை. பத்திர எழுத்தர் கொடுத்த மாதிரியை வாங்கிப் படித்தேன். கிரயப் பத்திரத்தில் விலை வரும் இடத்தில், இதில் அன்பும் பாசமும் வருகிறது. இத்தனை வருஷத்தில் எங்க அப்பா என்னிடம் வாய்விட்டுச் சொல்லாத ரெண்டு வார்த்தை.

அதனால்தான் இந்தச் சட்டத்தைக் கொஞ்சம் தோண்டினேன்.

செட்டில்மெண்ட் உயில் மாதிரி இல்லை. உயிலை எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மெண்ட் அப்படி இல்லை. சொத்து இப்போதே பிள்ளைக்குப் போய்விடுகிறது. பிறகு மனசு கசந்துபோனால் அப்பா தனியாகப் போய் ரத்து பண்ணிவிட முடியாது.

இதற்கு ஒரு வழி திறந்தது 2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். அதன் 23-வது பிரிவு சொல்வது இது: 60 வயதான ஒருவர், தன் அடிப்படைத் தேவைகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுக்கிறார்; வாங்கியவர் கவனிக்கவில்லை. அப்படியானால் அந்தப் பத்திரம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ எழுதி வாங்கப்பட்டதாகவே கருதப்படும். தீர்ப்பாயம் அதைச் செல்லாது என்று அறிவிக்கலாம். நம்ம ஊரில் தீர்ப்பாயம் என்பது ஆர்.டி.ஓ. அலுவலகம்தான்.

எனக்கு இது விநோதமாகப் பட்டது. எழுதிய அன்று யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பத்து வருஷம் கழித்துச் சோறு போடாததால், அன்றைக்கே ஏமாற்றியதாக ஆகிவிடுகிறது. யோசித்துப் பார்த்தால் அப்பாக்களும் அப்படித்தானே நினைத்துக்கொள்வார்கள்?

சிக்கல் ‘நிபந்தனையோடு’ என்ற வார்த்தையில் இருக்கிறது. பாசத்தால் கொடுக்கிறேன் என்று மட்டும் எழுதியிருந்தால் நிபந்தனை இருக்கிறதா, இல்லையா? 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பாசத்தில் கொடுப்பவர் பதிலுக்கு எதையும் எதிர்பார்க்காமலும் கொடுக்கலாம், நிபந்தனை இருந்ததைக் காட்டியாக வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இது முதியவர்களைக் காப்பாற்ற வந்த சட்டம், தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. அதே வருஷம் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது: அன்பும் பாசமுமே உள்ளுக்குள் இருக்கும் நிபந்தனை, தனியாக எழுதத் தேவையில்லை.

மனசுக்கு மூன்றாவது பிடிக்கிறது. ஆனாலும் பத்திரம் எழுதப்போகிறவர் மூன்றாவதை நம்பி முதலாவதை மறந்துவிடக் கூடாது. ஒரு வரி எழுதிவிட்டால் வழக்கே பாதியாகக் குறையும்.

(இந்த மூன்றும் அம்மாக்களின் வழக்கு. அப்பாக்கள் மனு கொடுப்பதே இல்லை என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் எங்க அப்பாவை எனக்குத் தெரியும். பட்டினி கிடந்தாலும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் படி ஏற மாட்டார்.)

அதனால் நானே சொன்னேன். “அப்பா, என்னைக் கவனிச்சுக்கணும்னு ஒரு ஷரத்து சேர்த்துடுங்க.”

“எதுக்கு? உன்னை நம்பலைன்னு நானே கையெழுத்துப் போடணுமா?”

“சட்டப்படி உங்களுக்குப் பாதுகாப்பு.”

“அப்போ கவனிக்க மாட்டேங்கிறியா?”

இதற்கு என்ன பதில் சொல்வது? சேர்த்தால் அவருக்கு அவமானம். சேர்க்க வேண்டாம் என்று நான் தலையாட்டியிருந்தால், நாளைக்கு வீட்டில் ஒரு சின்ன மனஸ்தாபம் வந்தாலும் அந்தத் தலையாட்டல் ஞாபகம் வரும், அவருக்கும் எனக்கும். ரெண்டு நாள் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

கடைசியில் முடித்துவைத்தது பத்திர எழுத்தர். ஆயுசு வரைக்கும் அப்பாவே அந்த வீட்டில் இருந்து அனுபவிக்கலாம் என்று ஒரு வரி, பராமரிப்புக்கு ஒரு வரி. இந்த முதல் வரியை நான் யோசிக்கவே இல்லை. உண்மையில் கூடுதல் பலம் அதற்குத்தான். வீட்டை விட்டு வெளியே போகச் சொல்லும் பேச்சுக்கே இடமில்லாமல் செய்துவிடும். அப்பா அந்த இரண்டு வரியையும் காட்டி, “இது எதுக்கு?” என்றார்.

“எல்லாருக்கும் எழுதுறதுதான் சார்” என்றார் அவர், கம்ப்யூட்டரிலிருந்து தலையை எடுக்காமல்.

“அப்படின்னா சரி” என்றார் அப்பா.

வியாழக்கிழமைக்கு டோக்கன் போட்டிருக்கிறது. அரைநாள் லீவு போதாது, முழுநாளும் போட்டுடு என்று சொல்லியிருக்கிறார்.