துபாய் போகும் நேரமும் திரும்பும் நேரமும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை, கேரள எல்லை தாண்டினால் தமிழகத்தின் களியக்காவிளை. இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் ஒருவராவது வளைகுடாவில் இருப்பார். அவர்களுடைய டிக்கெட்டில் ஒரு புதிர் உண்டு. திருவனந்தபுரத்தில் காலை 10 மணிக்கு ஏறினால் துபாயில் பகல் 12.50-க்கு இறங்கலாம் என்று வைத்துக்கொள்வோம். திரும்பும்போது அங்கே காலை 10-க்கு ஏறினால் ஊரில் பிற்பகல் 3.20 ஆகிவிடும். போவதற்கு மூன்று மணி நேரம்கூட இல்லை, வருவதற்கோ ஐந்து மணி நேரத்துக்கு மேல்!

இது கடிகாரம் காட்டும் மாயம். நம் நேரம் துபாய் நேரத்தைவிட ஒன்றரை மணி முந்தியது. அதைச் சரிசெய்தால் கணக்கு தலைகீழாகிறது: போக 4 மணி 20 நிமிடம், வர 3 மணி 50 நிமிடம். உண்மையில் வீடு திரும்பும் பயணம்தான் சின்னது.

தூரம் ஒன்றுதான், நேர்கோட்டில் சுமார் 2,950 கி.மீ. பிறகு இந்த அரை மணி எங்கிருந்து வந்தது?

பூமி கிழக்கு நோக்கிச் சுழல்கிறது, அதனால் மேற்கே பறப்பவருக்கு துபாய் தானே எதிரில் வந்து சேராதா என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. ஆனால் பூமியோடு காற்றும் சேர்ந்து சுழல்கிறது, விமானம் அந்தக் காற்றுக்குள்தான் பறக்கிறது. வியப்பு வேறிடத்தில் இருக்கிறது. சுழற்சியால் பாறசாலை மணிக்குச் சுமார் 1,650 கி.மீ. வேகத்தில் கிழக்கே ஓடிக்கொண்டிருக்கிறது. வடக்கே தள்ளி இருக்கும் துபாயின் வேகம் சுமார் 1,510 கி.மீ.தான். நிலநடுக்கோட்டை ஒட்டிச் சூடாகி மேலெழும் காற்று வடக்கே நகரும்போது தன் பழைய வேகத்தை விட்டுவிடுவதில்லை. அடியில் உள்ள நிலம் மெதுவாகச் சுழல, காற்று அதை முந்திக்கொண்டு கிழக்கே பாய்கிறது. பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில், அதுவும் குளிர்காலத்தில், இந்த மேலைக்காற்று மிக வலுவானது.

துபாய் போகும்போது, மணிக்கு 840 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானத்தை 60 கி.மீ. காற்று எதிர்த்தால் தரைக்கணக்கில் கிடைப்பது 780தான். திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 900. அப்படியானால் இழப்பும் லாபமும் சமமாகிவிடும் என்று தோன்றும். ஆகாது! எதிர்க்காற்றில் சுமார் 16 நிமிடம் போகிறது, பின்காற்றில் 14தான் மிச்சமாகிறது. மெதுவாகப் பறக்கும் விமானம் அந்தக் காற்றுக்குள் அதிக நேரம் மாட்டிக்கொள்வதே காரணம். காற்று ஒரே சீராக வீசும் நாளில் போய்வர ஆகும் மொத்த நேரம், காற்றே இல்லாத நாளைவிட எப்போதும் கூடுதல்தான்.

மழைக்காலத்தில் நிலைமை மாறுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை திபெத் பீடபூமி சூடேறி, தென்னிந்தியாவுக்கு மேலே கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வேகக்காற்று ஓடுகிறது. மேலைக்காற்று இமயமலைக்கு அப்பால் ஒதுங்கிவிடும். அந்த மாதங்களில் துபாய் போகிறவர்களுக்குத்தான் பின்காற்று. இந்தக் கீழைக்காற்றோட்டத்தை 1958-இல் ஆய்வுக் கட்டுரையாக எழுதி உலகுக்கு விளக்கியவர் இந்திய வானிலை ஆய்வாளர் பி. கோட்டேஸ்வரம்.